பச்சைக்கு வந்த வீடு

மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் துணி சீக்கிரம் காயும். அக்கா அந்த வீட்டை எடுத்துக்கொண்டபோது சொன்ன காரணம் அதுதான். கட்டடத்தில் இரண்டு வீடுகள் காலியாக இருந்தன. ஒன்று இரண்டாம் மாடியில், இன்னொன்று நாலாவது மாடியில், உச்சியில். நான் வாய் திறப்பதற்குள் அவள், "எனக்கு மேல் வீடு போதும்டா. காலையில போட்ட துணி டிபன் முடிக்கறதுக்குள்ள காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை, இரண்டாம் மாடியை எடுத்துக்கொண்டேன். கோடையில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே வாழ்வது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் என் வேலை.

புகாரே இல்லாத ஒரு சாவுக்காக நான் ஏன் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மருத்துவர் இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அடக்கமும் ஆகிவிட்டது. யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை, ஒருத்தியைத் தவிர. அவள் சந்தேகப்படுவது தன்னை. அதனால் வந்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் மாநகராட்சியின் காலநிலைப் பிரிவில் தரவு அதிகாரி. உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று ஒரு மனிதரிடம் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ஏ.சி.யைப் போடுவார். எதிர்வீட்டுக்காரரைவிட நீங்கள் இரண்டு பங்கு மின்சாரம் எரிக்கிறீர்கள் என்று சொன்னால் அன்று மாலையே குறைப்பார். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் எங்கள் நகரத்துக்கு அதைக் கொண்டுவந்தவன் நான். வீட்டுக்கு வீடு ஒரு வெள்ளைப் பெட்டி, சோப்புக்கட்டி அளவு. எவ்வளவு மின்சாரம் போகிறது, அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று இரண்டையும் அது அலுவலகத்துக்குச் சொல்லும். அதை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் தருவோம். பச்சை, மஞ்சள், சிவப்பு. சோதனைக்கு ஒரு கட்டடம் வேண்டும் என்றார்கள். நான் குடியிருக்கும் கட்டடத்தையே கொடுத்தேன்.

நுழைவாயிலில் தபால் பெட்டிகளுக்கு மேலே ஒரு மரப்பலகை மாட்டினோம். வீட்டுக்கு ஒரு கட்டம். வாரம் பிறந்ததும் வாட்ச்மேனின் போனுக்கு நிறங்கள் போகும், அவர் ஸ்டூலில் ஏறி அட்டைகளை மாற்றிச் செருகுவார். திரை வைக்கலாமே என்றார்கள். அட்டைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். தெரிந்த மனிதர் ஒருவர் உங்கள் வீட்டுக் கட்டத்தில் சிவப்பு அட்டையைச் செருகிவிட்டு, தயங்கியபடி உங்களைத் திரும்பிப் பார்ப்பதற்கு ஈடாக எந்தத் திரையும் இல்லை.

கட்டடத்தில் எனக்குக் கட்டம் சார் என்று பெயர் விழுந்தது. "கட்டம் சார் வர்றார், பிள்ளைங்களா, மூச்சுக்கூட மெதுவா விடுங்க" என்பார் தரைத்தளத்துத் தையற்காரம்மா. அவர் வீடு எப்போதும் பச்சை. நாள் முழுக்க மிஷின் ஓடும், இருந்தும் பச்சை. தரைத்தளம் வெயிலில் சூடாவதில்லை என்பதுதான் காரணம். பாராட்டெல்லாம் அவருக்கு வந்தது.

என்னோடு வேலை பார்க்கும் பெண் ஆரம்பத்திலேயே கேட்டாள். "சார், வீட்டோட அளவு போட்டிருக்கோம், எத்தனை பேர்னு போட்டிருக்கோம். எத்தனாவது மாடின்னு எதுவும் இல்லையே?"

"அதைச் சேர்த்தா மேல்வீட்டுக்காரர் வெயில்னுவார். கீழ்வீட்டுக்காரர் கொசுன்னுவார். நடுவுல இருக்கறவர் மாமியார்னுவார். ஆளுக்கொரு சாக்குக்கு எண் கண்டுபிடிக்க முடியுமா?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நானும் சிரித்தேன். மாடி என்பது சாக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கணக்கு எளிமையாக இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள். அதுவும் உண்மைதான்.

முதல் வாரமே கட்டடத்தில் ஒரேயொரு சிவப்பு. அக்கா வீடு.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். கோடை விடுமுறையில் வீட்டில் தகரக் கூரை கொதிக்கும். அவள் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய், கடைசி வரிசையில் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்காரவைப்பாள். படம் பார்ப்பதற்கு இல்லை, குளிர்ச்சிக்கு. ஒரே படத்தை எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது. வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தால் கவுன்டரின் ஓட்டை வழியாகக் கையை நீட்டி என் முதுகைத் தொட்டுப் பார்ப்பாள். "வெயில் தாழ்ந்த பிறகு போ" என்பாள்.

அத்தான் விளம்பரப் பலகை எழுதுகிறவர். இந்த நகரத்தின் பழைய கடைப் பலகைகளில் பாதி அவர் கையெழுத்து. பக்கவாதம் வந்து வலது கை போனது, பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. "சரி". பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி, யார் இவர் என்று என்னைக் காட்டிக் கேட்டாலும் சரி. அந்த ஒரு சொல்லை இழுத்தும் குறுக்கியும் அவர் எதைச் சொல்கிறார் என்பது அக்காவுக்கு மட்டும் புரியும். உடம்பு சூட்டைத் தாங்காது, ஏ.சி. ஓடட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் ஓடியது.

ஒருமுறை அவரை மருத்துவமனைக்கு நாற்காலியில் தூக்கி இறக்கும்போது பலகைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி இடது கையைக் காட்டினார். சிவப்பு அட்டையைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "சரி" என்றார். நல்ல சிவப்பு என்கிறார் என்றாள் அக்கா. தொழில்காரர் கண் அது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வங்கியில் இருந்தவர், எதையும் தணிந்த குரலில் சொல்வார். படிக்கட்டில் அக்காவை நிறுத்தி, "உங்க ஒரு வீட்டாலதாம்மா நம்ம கட்டடத்துக்கே மார்க் குறையுது" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் பேசறதில்லை சார். அவருக்குப் பதிலா ஏ.சி. பேசுது" என்றாள் அக்கா.

"அவரை யாரும்மா குறை சொன்னா? தம்பி பேரு கெடக்கூடாதேன்னு சொல்றேன். அதிகாரி வீட்டு ஆளுங்களே இப்படின்னா, மத்தவங்களை நாங்க எப்படிக் கேக்கறது?"

அக்காவுக்கு அது தைத்துவிட்டது. நான் என் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். பேச்சு முழுவதும் காதில் விழுந்தது. வெளியே வந்து, மேல்மாடிக்கு அப்படித்தான் ஆகும் சார் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்ற கேள்வி வரும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து அவள் மதியங்களில் ஏ.சி.யை அணைக்க ஆரம்பித்தாள். ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஈரத்துண்டைப் பிழிந்து அத்தானின் மார்பில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவாளாம். மஞ்சள் வந்தது. மாவு வாங்கிக்கொண்டு படியேறும்போது என்னைப் பார்த்து மூச்சு வாங்கச் சிரித்தாள். "பாத்தியாடா? பாஸ் மார்க் வாங்கிட்டேன். இன்னும் கொஞ்சம் படிச்சா பச்சைதான்."

"கெட்டிக்காரிக்கா நீ" என்றேன். மனதார வாழ்த்தினேன். அதில் பொய் இல்லை.

வெள்ளைப் பெட்டியில் ஒரு எச்சரிக்கை வசதி உண்டு. அறையின் சூடு ஓர் அளவைத் தாண்டினால் எங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் போனில் மணி அடிக்கும். அக்கா வீட்டிலிருந்து மதியம்தோறும் அடித்தது. ஒரே இடத்திலிருந்து ஓயாமல் அடிக்கும் மணியை யாரும் மதிக்கமாட்டார்கள், மற்ற மணிகளின் மதிப்பும் போய்விடும். எங்கள் துறையில் இது எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. அதற்கு ஒரு வழிமுறையும் இருக்கிறது. அளவை உயர்த்துவது. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உயர்த்தினேன். மணி நின்றது. அன்று ஒரு வேலை முடிந்த நிம்மதி இருந்ததை நினைவு வைத்திருக்கிறேன்.

ஆணையரும், திட்டத்துக்குப் பணம் தரும் நிறுவனத்துக்காரர்களும் கட்டடத்தைப் பார்க்க வருவதாக முடிவானது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நகரம் முழுவதும் வரும். எத்தனை லட்சம் வீடுகள், எவ்வளவு நிலக்கரி மிச்சம் என்று நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். அந்த எண்கள் பெரியவை. இன்றைக்கும் அவற்றைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் மனம் நிறைகிறது. சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்த ஒரு பெண்மணி இரண்டு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்றார்கள். அக்காவின் பேரைக் கொடுத்தவனும் நான்தான்.

அவர்கள் வரும் நாளன்று காலை மேலே போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

"கவுன்டர்ல டிக்கெட் கிழிச்சவளுக்கு மேடைப் பேச்சாடா? இவரை விட்டுட்டு எப்படி வருவேன்?"

"ரெண்டு வார்த்தைக்கா. சிவப்புல இருந்து எப்படி வந்தேன்னு சொல்லு, போதும்."

"வேர்த்து வழிஞ்சு வந்தேன்னு சொல்லட்டுமா?"

"அதை மட்டும் சொல்லிடாதே."

சிரித்தாள். பிறகு வெளியே பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் அனல் காற்று. எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே காற்று நடுங்கிக்கொண்டிருந்தது. "நான் இல்லாம விசிறிவிட ஆள் இல்லை. ஏ.சி.யைப் போட்டு, ஜன்னலெல்லாம் சாத்திட்டு வரேன். ஒரு நாள் ஓடினா உன் கட்டத்துக்கு ஒண்ணும் ஆகிடாதே?"

"ஓடட்டும்க்கா."

என் எதிரில்தான் போட்டாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி மாட்டினாள். அத்தானிடம் குனிந்து, "கீழே போயி உங்க மச்சான் மானத்தைக் காப்பாத்திட்டு ஓடி வந்துடறேன்" என்றாள்.

"சரி" என்றார் அத்தான்.

கீழ்த்தளத்துக் கூடத்தில் பெரிய திரை. வீட்டுக்கு ஒரு கோடு, அந்தந்த நேரத்து மின்சாரத்தை அப்படியே காட்டும். அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றாள். "எங்க வீட்டுக் கட்டம் முதல்ல சிவப்பு. என் வீட்டுக்காரர் பெயின்டர், அவருக்குச் சிவப்புன்னா உசிரு. வாய் இருந்திருந்தா மாத்தவே விட்டிருக்கமாட்டார்" என்றாள். கூடம் சிரித்தது. ஆணையரும் சிரித்தார். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கோடு மட்டும் மற்ற எல்லாக் கோடுகளையும் விட்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

நிறுவனத்திலிருந்து வந்த அம்மையார் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "இவங்க வீடு இதுல எந்தக் கோடு?"

எங்கள் திட்டத்தில் இளைப்பாறல் என்று ஒன்று இருக்கிறது. பெயர் நான் வைத்தது. நகரத்தில் மின்சாரத் தட்டுப்பாடு வரும்போது அலுவலகத்திலிருந்தே வீட்டு ஏ.சி.யைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாம். எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அக்காவும்தான். நான் எங்கே கைவைக்கச் சொன்னேனோ அங்கே போட்டாள். என் போனிலிருந்து அதைச் செய்ய எனக்கு அனுமதி உண்டு.

செய்தேன். கோடு சரிந்தது.

"இதோ, கீழே வர்றதுதான்" என்று காட்டினேன். அவர் கைதட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். தனக்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்து அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

இளைப்பாறலில் இரண்டு வகை. கொஞ்ச நேரத்தில் தானாகவே விலகிவிடுவது ஒன்று. நானாக விலக்கும் வரை நீடிப்பது இன்னொன்று. நான் அழுத்தியது இரண்டாவது. நடுவில் கோடு மறுபடி எழும்பினால் விளக்கம் சொல்லவேண்டியிருக்கும்.

பிறகு ஆணையர் பேசினார். செயலாளர் பேசினார். என் போனின் மூலையில் அக்கா வீட்டு அறையின் சூடு தெரியும். அது ஏறியது. அவள் தானாக அணைக்கும் மதியங்களில் ஜன்னல்கள் திறந்திருக்கும், ஈரத்துண்டு இருக்கும், அவள் இருப்பாள். அன்று எல்லாம் சாத்தியிருந்தது. இதைப் பிற்பாடு யோசித்து உணர்ந்ததாக எழுதவேண்டாம். அப்போதே தெரியும். கொக்கி மாட்டியதைப் பார்த்தவன் நான். எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பு உயர்த்தி வைத்திருந்த அளவையும் தாண்டியபோது போன் கைக்குள் அதிர்ந்தது. அதை நிறுத்தி, போனைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அக்காவின் போனும் அடித்திருக்கவேண்டியது. மேடையில் பேசுகிறவர்கள் போனை அணைத்துவிடவேண்டும் என்று நான்தான் முன்னதாகச் சொல்லியிருந்தேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, எழுதுங்கள். இன்னும் கொஞ்சம்தான்.

டீ வந்தது. அக்கா மேலே போகிறேன் என்றாள். "ஒரு போட்டோக்கா, ஆணையரோட" என்று நிறுத்தினேன். பிறகு அந்த அம்மையாரோடு ஒன்று. அதற்கப்புறம் அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அவள் முதல் திருப்பத்தில் மறைந்ததும் இளைப்பாறலை விலக்கினேன். விலக்கினாலும் ஏ.சி. தானாக ஓடாது. ரிமோட்டை அழுத்தினால்தான் ஓடும். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

அவள் குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. தம்பி என்று கூப்பிடவில்லை. சின்ன வயதில் கூப்பிடுவது போல, "டேய், டேய்" என்று மட்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அறைக்குள் குளிர்ந்த காற்று வர ஆரம்பித்திருந்தது. ஜன்னல்கள் அப்போதும் சாத்தியேதான் இருந்தன. அத்தானின் இடது கை, சுவரோரம் இருந்த ஜன்னலின் பக்கம் நீண்டிருந்தது. எட்டாத தூரம். அக்கா ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அணைச்சிட்டு வந்திருக்கேன்டா. போட்டேன்னு நினைச்சேன், அணைச்சிருக்கேன். தினம் அணைச்சு அணைச்சு கை பழகிடுச்சு. இப்ப அமுக்கினதும் ஓடுது பாரு. ஒண்ணும் ரிப்பேர் இல்லை. என் கைதான்."

இல்லையக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். கீழே விருந்தினர்களின் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "வயசாச்சுல்லக்கா. மறதி வரும். உன்மேல தப்பில்லை."

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்றுதான் சொன்னேன்.

திட்டம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் நகரம் முழுவதும் வருகிறது. விளம்பரத்தில் அக்கா கும்பிடும் படம். மாடி எது என்பதைக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. சேர்த்தால் எங்கள் கட்டடத்தின் முடிவுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். அந்த முடிவுகளில் பிழை எதுவும் இல்லை. நீங்கள் யாரை வைத்து வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

அக்கா அதற்குப் பிறகு எதையும் போடுவதில்லை. ஏ.சி. இல்லை, விசிறி இல்லை, விளக்குகூட இல்லை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு மதியம் முழுவதும் அந்தக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கு எப்படி இருந்தது என்று தெரியவேண்டுமாம். தையற்காரம்மா போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருகிறார், அவர் இறங்கியதும் இவள் சாத்திவிடுகிறாள். வாட்ச்மேன் பச்சை அட்டையைச் செருகிவிட்டு என்னிடம் வந்து நின்றார். "கட்டடத்துலயே குறைச்சல் அம்மா வீடுதான் சார்" என்றார். பாராட்டாகச் சொல்வதா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

உங்கள் மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேனே, இந்தப் போனில் அவள் அறையின் சூடு இப்போதும் தெரியும். நான் பார்க்கவில்லை.

ஆக, நிறுத்தியவன் நான். தெரிந்தே நிறுத்தினேன், தெரிந்தே விட்டுவைத்தேன், அவள் செய்ததாக நம்பவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். பதிலுக்கு ஒரு உதவி. இதை அக்காவிடம் யாராவது சொல்லவேண்டும். பலமுறை கிளம்பினேன், என் மாடியைத் தாண்டி ஏற முடியவில்லை. நான் சொன்னால், அக்காவைத் தேற்றுவதற்காகத் தம்பி பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான் என்றுதான் நினைப்பாள். என்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நல்ல எண்ணம். உங்களைப் போல ஒருவர் சீருடையில் போய்ச் சொன்னால் நம்புவாள்.

ஆனால் இப்போதே கிளம்பவேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். இந்த நேரத்தில் அந்த வீட்டில் மனிதர் உட்கார முடியாது.